பெரிய கோப்பைச் சர்வர் ஏற்க மறுத்தால்: பதிவேற்ற வரம்பையும் நேர வரம்பையும் சரிசெய்வது எப்படி?

காவிரி டெல்டாவில் சிறு குழுக்கள் நடத்தும் இணையதளங்கள் பல இருக்கின்றன. மரபு நெல் விதை பரிமாறும் உழவர் குழு, ஊர் நூலகம், தேவாரப் பாடசாலை, நாகசுரக் கச்சேரிகளைப் பதிவுசெய்து காக்கும் சபா, பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் தளத்தை நடத்த வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள், அதை வைக்க வாடகைக்கு ஒரு ஹோஸ்டிங், அதைப் பார்த்துக்கொள்ள ஆர்வமுள்ள ஒருவர். அந்த ஒருவர் கணினித் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியராகவோ உரக்கடைக்காரராகவோ ஓய்வுபெற்ற தபால் ஊழியராகவோ இருக்கலாம். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஓதுவார் ஒருவர் பாடிய ஒரு மணி நேரப் பதிவை அவர் தளத்தில் ஏற்றப் பார்க்கிறார். சர்வர் மறுக்கிறது. அல்லது நெல் ரகங்களின் பட்டியலை ஒரு கோப்பிலிருந்து தளத்துக்குள் கொண்டுவரும்போது வேலை பாதியில் நின்றுபோகிறது. இணையத்தில் தேடினால் ஐந்தாறு வரிகள் கிடைக்கும். எல்லாவற்றையும் ஆயிரம் மெகாபைட்டாக்கு, நேரத்துக்கு வரம்பே வேண்டாம் என்று அவை சொல்லும். அப்படியே எடுத்து ஒட்டினால் சில நேரம் எதுவும் மாறாது. சில நேரம் தளமே திறக்காது. எந்த வரம்பு தடுக்கிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் உயர்த்தாதீர்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஏனென்றால் வரம்பு ஒன்றல்ல. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாறு, கிளை ஆறு, வாய்க்கால் என்று கடந்துதான் கடைமடை வயலுக்கு வருகிறது. நடுவில் ஒரு ஷட்டர் இறங்கியிருந்தால், வயலோர மதகை முழுக்கத் திறந்து வைத்தாலும் பாத்தி நனையாது. கோப்பின் பயணமும் இதே மாதிரிதான். உங்கள் பிரவுசரிலிருந்து கிளம்பும் கோப்பு முதலில் அப்பாச்சி அல்லது எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு வருகிறது. அங்கிருந்து பிஎச்பிக்கு, அதாவது வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியைச் சர்வரில் இயக்கும் மென்பொருளுக்குப் போகிறது. பிறகுதான் வேர்ட்பிரஸின் கைக்குக் கிடைக்கிறது. பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவையை முன்னால் வைத்திருந்தால் அது இன்னொரு நிலை. ஒவ்வொரு நிலையிலும் தனித்தனி அளவு வரம்பும் நேர வரம்பும் உண்டு. அவற்றுள் எது மிகச் சிறியதோ அதுதான் உங்கள் தளத்தின் உண்மையான வரம்பு.

பெயர்களைப் பற்றி ஒரு குறிப்பு. அமைப்புகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில், ஒலிக்கிற விதத்திலேயே தந்திருக்கிறேன். அமைப்புக் கோப்புகளில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். நான் அடிக்கோடு போட்டிருக்கும் இடத்தில் அங்கும் அடிக்கோடு இருக்கும். எண்ணை ஒட்டி வரும் 'எம்' என்பது மெகாபைட்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்து.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?

வரம்பைத் தொடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள். எம்பி3 வடிவத்தில் வினாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் சேமித்த ஒரு மணி நேர இசை ஏறத்தாழ 58 மெகாபைட் வரும். அதே ஒரு மணி நேரம் குறுந்தட்டுத் தரத்து வேவ் கோப்பாக இருந்தால் 635 மெகாபைட். பழைய ஊர்க் கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை, ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் வண்ணமாக ஸ்கேன் செய்து சுருக்காத டிஃப் கோப்பாக வைத்தால் 26 மெகாபைட். அதையே ஜேபெக்காக மாற்றினால் மிகச் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். தளத்துக்கு வருபவர் கேட்பதற்கு எம்பி3 போதும். பார்ப்பதற்கு ஜேபெக் போதும். மூலக் கோப்பான வேவையும் டிஃப்பையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை வேர்ட்பிரஸ் வழியாக ஏற்றுவதற்காக 700 மெகாபைட் வரம்பு கேட்பது தேவையில்லாத சுமை. காணொளி என்றால் யூடியூபில் ஏற்றி, பக்கத்தில் அதைப் பொருத்திவிடலாம். வாடகை ஹோஸ்டிங்கில் காணொளி வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆக ஒரு கச்சேரிப் பதிவு ஏற வேண்டும் என்றால் 64 மெகாபைட் போதுமானது. இந்த எண்ணையே கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

இப்போது எவ்வளவு இருக்கிறது?

வேர்ட்பிரஸில் மீடியா பகுதியில் புதிய கோப்பு சேர்க்கும் பக்கத்தைத் திறந்தால், பெட்டிக்குக் கீழே அதிகபட்ச அளவு என்ன என்று எழுதியிருக்கும். டூல்ஸ் பகுதியில் சைட் ஹெல்த், அதில் இன்ஃபோ, அதில் சர்வர் என்று போனால் பிஎச்பியின் எல்லா வரம்புகளும் ஒரே இடத்தில் தெரியும். அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கு முந்தைய நிலை என்ன என்பது பிறகு கட்டாயம் தேவைப்படும்.

வேர்ட்பிரஸ் இல்லாத தளம் என்றால், பிஎச்பிஇன்ஃபோ என்ற கட்டளை ஒன்றை மட்டும் எழுதிய சிறு கோப்பைச் சர்வரில் வைத்து, பிரவுசரில் திறந்து பாருங்கள். அதில் மேலே 'லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்றொரு வரி இருக்கும். பிஎச்பி உண்மையில் எந்த அமைப்புக் கோப்பைப் படிக்கிறது என்பதை அந்த வரிதான் சொல்லும். உபுண்டு, டெபியன் சர்வர்களில் ஒரே பிஎச்பிக்கு மூன்று ஐஎன்ஐ கோப்புகள், அதாவது அமைப்புக் கோப்புகள்கூட இருக்கும்: கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளைத் திரைக்கு ஒன்று, அப்பாச்சிக்கு ஒன்று, பிஎச்பியைத் தனிச் சேவையாக இயக்கும் எஃப்பிஎம்முக்கு ஒன்று. கட்டளைத் திரையில் கேட்டுத் தெரிந்துகொண்ட கோப்பைத் திருத்திவிட்டு, தளத்தில் ஏன் மாறவில்லை என்று மணிக்கணக்கில் தவிப்பவர்கள் பலர். பிரவுசர் வழியாகப் பார்த்ததையே நம்புங்கள். பார்த்து முடித்ததும் அந்தச் சிறு கோப்பை அழித்துவிடுங்கள். உங்கள் சர்வரின் உள்விவரம் முழுவதையும் அது ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

எதையும் மாற்றாத பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், ஒரு முறை அனுப்பும் மொத்தத் தரவுக்கு 8 மெகாபைட், நினைவகத்துக்கு 128 மெகாபைட், இயங்கும் நேரத்துக்கு 30 வினாடி என்று இருக்கும். எஞ்சின்எக்ஸின் சொந்த வரம்பு 1 மெகாபைட்தான். செல்பேசியில் எடுத்த ஒரு புகைப்படம்கூட இந்த வாசலில் திரும்பிவிடும்.

தடுப்பது எது?

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். சர்வர் மறுக்கும்போது ஏதோ ஓர் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் மறுக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மீதி வேலை எளிது.

பதிவேற்றிய கோப்பு அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் வரம்பை மீறுகிறது என்று வேர்ட்பிரஸே சொன்னால் ஐயமே இல்லை, தடுத்தது பிஎச்பியின் கோப்பு வரம்பு.

படிவத்தை நிரப்பி, கோப்பை இணைத்து, அனுப்பு பொத்தானை அழுத்துகிறீர்கள். பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் எதையுமே நிரப்பாதது போல வெற்றுப் படிவம் திரும்பி வருகிறது. புதியவர்களை அதிகம் குழப்புவது இதுதான். மொத்தத் தரவு போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் வரம்பைத் தாண்டினால், பிஎச்பி கோப்பை மட்டுமல்ல, பெயர், முகவரி என்று நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் சேர்த்தே விட்டுவிடுகிறது. படிவத்தைக் கையாளும் நிரலுக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. அதனால் அது சொல்லவும் ஒன்றுமில்லை.

413 என்ற எண்ணோடு வெள்ளைப் பக்கம் வந்தால் கோப்பு பிஎச்பி வரை போகவே இல்லை, வெப் சர்வரே திருப்பி அனுப்பிவிட்டது என்று பொருள். பக்கத்தின் அடியில் எஞ்சின்எக்ஸ் என்று எழுதியிருந்தால் ஆள் யார் என்பதும் தெரிந்துவிடும். கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டத்தில் 100 மெகாபைட்டைத் தாண்டினாலும் இதே 413 வரும். அதை உங்கள் சர்வரில் எதை மாற்றியும் சரிசெய்ய முடியாது.

504 வந்தால் அது நேரத்தின் கதை. எஞ்சின்எக்ஸ் பிஎச்பியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு 60 வினாடி பதிலுக்குக் காத்திருக்கும், வராவிட்டால் கைவிட்டுவிடும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முயன்று பாருங்கள். சரியாக ஒரு நிமிடத்தில் 504 வந்தால் தடுத்தது இதுதான். ஒரு முக்கியமான எச்சரிக்கை: எஞ்சின்எக்ஸ் கைவிட்ட பிறகும் பிஎச்பி பின்னால் அந்த வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கக் கூடும். பட்டியலை இறக்குமதி செய்யும்போது 504 வந்ததும் பதற்றத்தில் மறுபடி பொத்தானை அழுத்தினால், மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் தளத்தில் இரண்டிரண்டு முறை உட்கார்ந்திருக்கும். சில நிமிடம் பொறுத்து, எத்தனை பதிவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

502 என்றால் பிஎச்பியின் வேலையாள், அதாவது உங்கள் கோரிக்கையைக் கவனித்துக்கொண்டிருந்த அதன் இயக்கம், நடுவிலேயே செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம். 500 என்றால் காரணம் பலவாக இருக்கலாம், சர்வர் தன் பிழைகளை எழுதிவைக்கும் பிழைப் பதிவேட்டைத்தான் திறந்து பார்க்க வேண்டும். அங்கே 30 வினாடி தாண்டிவிட்டது என்று இருந்தால் பிஎச்பியின் நேர வரம்பு. 134217728 பைட் தீர்ந்துவிட்டது என்று இருந்தால் நினைவக வரம்பு. அந்த நீண்ட எண் 128 மெகாபைட்தான்.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பதிவேற்றிய ஒவ்வொரு கோப்போடும் பிஎச்பி ஒரு பிழை எண்ணைத் தருகிறது. 0 என்றால் நலம். 1 என்றால் கோப்பு வரம்பு மீறியது. 3 என்றால் பாதிதான் வந்து சேர்ந்தது, அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது. 6 என்றால் தற்காலிகக் கோப்புறை இல்லை. 7 என்றால் வட்டில் எழுத முடியவில்லை. 3, 6, 7 வந்தால் வரம்பை எவ்வளவு உயர்த்தியும் பயன் இருக்காது.

பிஎச்பியில் மாற்ற வேண்டியவை

நம் 64 மெகாபைட் எடுத்துக்காட்டுக்கு இந்த வரிகள் போதும்:

அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் = 64எம்
போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் = 72எம்
மெமரி_லிமிட் = 256எம்

இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். கோப்போடு தலைப்பு, விளக்கம் முதலான மற்றத் தரவும் ஒரே கட்டாகத்தான் போகிறது. ஒரே முறையில் பல கோப்புகளை அனுப்பும் படிவம் என்றால் அவை எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் இரண்டாவது எண்ணுக்குள் அடங்க வேண்டும். மூன்றாவது எண் இரண்டாவதைவிடப் பெரியதாக இருப்பது நல்லது. ஒரே முறையில் 20 கோப்புகளுக்கு மேல் அனுப்பினால் மீதியைப் பிஎச்பி எடுத்துக்கொள்ளாது. அதற்கு மேக்ஸ்_ஃபைல்_அப்லோட்ஸ் என்று தனி வரம்பு இருக்கிறது.

எழுதும்போது 64எம் என்றுதான் எழுத வேண்டும், 64எம்பி என்று எழுதக் கூடாது. கடைசியில் 'பி' சேர்ந்துவிட்டால் பிஎச்பி அதை 64 மெகாபைட்டாக அல்ல, 64 பைட்டாக எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒரு வரிச் செய்தியைக்கூடத் தளத்தில் ஏற்ற முடியாது. 8.2 பதிப்பிலிருந்து இதற்கு எச்சரிக்கை தருகிறார்கள், ஆனால் எண்ணைத் திருத்துவதில்லை. அதேபோல கிகாபைட்டைக் குறிக்கும் 'ஜி'யோடு 1.5ஜி என்று பின்னம் போட்டால் 1ஜி என்றே கொள்ளும். வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி இருந்தால் அந்த வரி செயல்படாது என்பதையும் கவனியுங்கள். ஐஎன்ஐ கோப்பில் அரைப்புள்ளி என்பது குறிப்புரையின் அடையாளம்.

எங்கே எழுதுவது? அது உங்கள் ஹோஸ்டிங்கைப் பொறுத்தது. ஹோஸ்டிங்கைப் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்கும் சிபேனல் இருந்தால் 'மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர்' என்ற பகுதியைத் தேடுங்கள். சில இடங்களில் 'செலக்ட் பிஎச்பி வெர்ஷன்' என்பதன் ஆப்ஷன்ஸ் தாவலில் இருக்கும். தொடங்குபவர்களுக்கு இதுவே பாதுகாப்பான வழி, எழுத்துப்பிழைக்கு இடமில்லை.

அது இல்லையென்றால், தளத்தின் மூலக் கோப்புறையில் யூசர்.ஐஎன்ஐ என்ற கோப்பை, பெயருக்கு முன்னாலும் ஒரு புள்ளி வைத்து உருவாக்கி, மேலே உள்ள முதல் இரண்டு வரிகளை எழுதலாம். இது பிஎச்பி எஃப்பிஎம் அல்லது சிஜிஐயாக, அதாவது வெப் சர்வருக்கு வெளியே தனியாக இயங்கும் இடங்களில் மட்டுமே வேலை செய்யும். எழுதியவுடன் பலன் தெரியாது, பிஎச்பி அந்தக் கோப்பை 300 வினாடிக்கு ஒருமுறைதான் மறுபடி படிக்கிறது. ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பலன் தெரியவில்லை என்று அதற்குள் வேறு நான்கு இடங்களில் மாற்றினால், கடைசியில் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

எச்டிஅக்சஸ் என்ற அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் 'பிஎச்பி_வேல்யூ' என்று தொடங்கும் வரிகளைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உண்டு. பிஎச்பி அப்பாச்சிக்குள்ளேயே ஒரு மாட்யூலாக இயங்கும் சர்வர்களுக்கான அறிவுரை அது. எஃப்பிஎம் வழியாக இயங்கும் சர்வரில் அந்த வரிகளைச் சேர்த்தால் தளம் முழுவதும் 500 பிழையில் விழும். அப்படி ஆனால் பயப்பட வேண்டாம், சேர்த்த வரிகளை நீக்கினால் தளம் உடனே எழுந்துவிடும்.

நிரலுக்குள்ளேயே ஐஎன்ஐ_செட் கட்டளையால் பதிவேற்ற வரம்பை உயர்த்த முயல்வதும் வீண். நிரலின் முதல் வரி ஓடத் தொடங்கும்போது கோப்பு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும் அல்லது திருப்பப்பட்டிருக்கும். நேர வரம்பையும் நினைவக வரம்பையும் மட்டும்தான் அப்படி மாற்ற முடியும்.

சொந்த சர்வர் வாடகைக்கு எடுத்தவர்கள் மூல ஐஎன்ஐ கோப்பைத் திருத்துவதைவிட, பக்கத்திலுள்ள கான்ஃப்.டி கோப்புறையில் 99 என்று தொடங்கும் பெயரில் ஒரு சிறு கோப்பை வைத்து அதில் இந்த மூன்று வரிகளை எழுதுவது மேல். அங்குள்ள கோப்புகள் மூலக் கோப்புக்குப் பிறகு பெயர் வரிசையில் படிக்கப்படுகின்றன. அதனால் உங்கள் எண்ணே நிற்கும். எதை மாற்றினோம் என்பதும் ஒரே இடத்தில் இருக்கும்.

வேர்ட்பிரஸில் பல தளங்களை ஒரே வலையமைப்பாக நடத்துபவர்களுக்கு இன்னொரு பூட்டு உண்டு. வலையமைப்பு அமைப்புகளில் அதிகபட்சக் கோப்பு அளவு என்று 1500 கிலோபைட் போட்டிருக்கும். அதையும் மாற்ற வேண்டும்.

வெப் சர்வரில் மாற்ற வேண்டியவை

எஞ்சின்எக்ஸ் என்றால் அதன் அமைப்புக் கோப்பில் உங்கள் தளத்துக்கான சர்வர் பகுதிக்குள் ஒரு வரி:

கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 72எம்;

இங்கே சமக்குறி கிடையாது, கடைசியில் அரைப்புள்ளி கட்டாயம். ஐஎன்ஐ கோப்பின் வழக்கத்துக்கு நேர் எதிர் என்பதால் கை தவறுவது இயல்பு. சேமித்ததும் 'சூடோ எஞ்சின்எக்ஸ் -டி' என்று கொடுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். சரி என்று வந்தால் மட்டும் எஞ்சின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள். மதிப்பை 0 ஆக்கினால் அளவுச் சோதனையே நின்றுவிடும். அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

அப்பாச்சியில் லிமிட்ரிக்வெஸ்ட்பாடி என்ற அமைப்பு இதே வேலையைச் செய்கிறது. 2.4.53 வரை இதற்கு வரம்பே இல்லை, அடுத்த பதிப்பிலிருந்து 1 கிகாபைட். ஆகவே ஹோஸ்டிங் நிறுவனம் குறைத்து வைத்திருந்தாலொழிய அப்பாச்சியில் நீங்கள் எதையும் தொட வேண்டியிருக்காது.

வாடகை ஹோஸ்டிங்கில் வெப் சர்வர் அமைப்பு உங்கள் கையில் இருக்காது. அங்கே உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும். 'கோப்பு ஏறவில்லை' என்று மட்டும் எழுதினால் பொதுவான பதில்தான் வரும். முயன்ற தேதி, மணி, கோப்பின் அளவு, கிடைத்த பிழை எண், பிஎச்பியில் இப்போது உள்ள இரண்டு வரம்புகள், உங்களுக்கு வேண்டிய அளவு ஆகியவற்றை எழுதி, வெப் சர்வர் மட்டத்தில் வரம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படி எழுதிய கடிதத்துக்குப் பதில் சொல்பவர் பதிவேட்டைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நேர வரம்பு: எந்தக் கடிகாரம் ஓடுகிறது?

கிராமத்தில் செல்பேசி இணைப்பில் பதிவேற்ற வேகம் வினாடிக்கு 1 மெகாபிட்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 64 மெகாபைட் கோப்பு போய்ச்சேர 512 வினாடி, அதாவது எட்டரை நிமிடம் ஆகும். 30 வினாடி வரம்புள்ள பிஎச்பி இதை எப்படித் தாங்கும் என்ற கேள்வி நியாயமானது. உடனே மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைமை 600 ஆக்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. அந்தக் கடிகாரம் நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஓடும். கோப்பு வந்துகொண்டிருக்கும் நேரம் அதில் சேராது.

எஞ்சின்எக்ஸ் வழக்கமாகக் கோப்பு முழுவதையும் தானே வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் பிஎச்பியை எழுப்புகிறது. வாங்கும்போது அது பார்ப்பது மொத்த நேரத்தை அல்ல, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை. 60 வினாடி எதுவுமே வராமல் இருந்தால்தான் துண்டிக்கும். மெதுவாக, ஆனால் விடாமல் வரும் கோப்பை அது தடுக்காது. அப்பாச்சிக்குள் பிஎச்பி இயங்கும் சர்வரில் மட்டும் மேக்ஸ்_இன்புட்_டைம் என்பதை 300 அல்லது 600 என்று வைத்துக்கொள்ளலாம். தரவை வாங்கிப் பிரிக்கும் நேரத்துக்கான வரம்பு அது. கோப்பு பாதியில் அறுந்தால் பெரும்பாலும் குற்றவாளி உங்கள் இணைப்பு. வீட்டில் ஃபைபர் இணைப்புள்ள ஒருவரிடம் கொடுத்து ஏற்றச் சொல்வது எல்லா அமைப்புகளையும் தோண்டுவதைவிட விரைவில் முடியும்.

நேர வரம்பு உண்மையிலேயே தேவைப்படுவது, கோப்பு வந்துசேர்ந்த பிறகு நடக்கும் வேலைக்கு: பட்டியல் இறக்குமதி, பழைய தளத்தின் காப்புப் பிரதியை மீட்பது, நூற்றுக்கணக்கான படங்களைச் சிறிதாக்குவது. அதற்கு இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்:

மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் = 180
ஃபாஸ்ட்சிஜிஐ_ரீட்_டைம்அவுட் 200எஸ்;

முதல் வரி பிஎச்பியில், இரண்டாவது எஞ்சின்எக்ஸில் பிஎச்பியை அழைக்கும் பகுதிக்குள். அதிலுள்ள 'எஸ்' வினாடியைக் குறிக்கிறது. வெளியே காத்திருப்பவரின் பொறுமை உள்ளே வேலை செய்பவரின் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் வெறும் 504க்குப் பதிலாகப் பிஎச்பியின் தெளிவான பிழைச் செய்தி உங்களுக்குக் கிடைக்கும். எஃப்பிஎம்மில் ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட் என்று ஒன்று இருக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனம் அதைச் சிறிதாக வைத்திருந்தால், மற்ற எண்கள் என்னவாக இருந்தாலும் வேலையாளை நடுவில் நிறுத்திவிடும். முன்னே சொன்ன 502 பெரும்பாலும் இதனால்தான்.

லினக்ஸ் சர்வரில் பிஎச்பியின் 30 வினாடி என்பது சுவர்க் கடிகாரத்தின் 30 வினாடி அல்ல. டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருப்பது போன்ற நேரங்கள் அதில் எண்ணப்படுவதில்லை. விண்டோஸில் எல்லாமே எண்ணப்படும். வீட்டு விண்டோஸ் கணினியில், அதையே ஒரு சிறு சர்வராக்கும் சாம்ப் மென்பொருளை நிறுவிச் சோதித்தபோது நின்றுபோன வேலை லினக்ஸ் சர்வரில் ஓடிமுடிவதும் இதனால் நடக்கும்.

நேரத்தை 0 என்று போட்டு வரம்பையே எடுத்துவிடுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். உபுண்டு, டெபியனில் எஃப்பிஎம் முதலில் நிறுவப்படும்போது ஒரே நேரத்தில் 5 வேலையாட்களுக்குத்தான் இடம் தருகிறது. முடிவில்லாமல் ஓடும் ஐந்து வேலைகள் சிக்கிக்கொண்டால் ஆறாவதாக வரும் பார்வையாளருக்குத் தளமே திறக்காது. பட்டியல் பெரிது என்றால் அதை இருநூறு இருநூறு வரிகளாகப் பிரித்து ஏற்றுங்கள். அல்லது கட்டளைத் திரையிலிருந்து இயக்குங்கள். அங்கே பிஎச்பிக்கு நேர வரம்பே கிடையாது. எப்போதோ ஒருமுறை வரும் பெரிய கோப்பை, கோப்புகளை நேரடியாகச் சர்வருக்கு அனுப்பும் எஸ்எஃப்டிபி வழியாக அங்கே வைத்துவிட்டு, வேர்ட்பிரஸைக் கட்டளைத் திரையிலிருந்து இயக்கும் டபிள்யுபி-சிஎல்ஐயின் 'மீடியா இம்போர்ட்' கட்டளையால் மீடியா பட்டியலில் சேர்த்துவிடலாம். அந்த ஒரு கோப்புக்காக எந்த வரம்பையும் தொட வேண்டியதில்லை.

படம் சிறியது, நினைவகம் ஏன் தீர்கிறது?

5 மெகாபைட் புகைப்படம் கோப்பு வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் நினைவகம் தீர்ந்தது என்று செய்தி வருகிறது. படத்தைச் சிறிதாக்க வேண்டுமானால் சர்வர் அதன் சுருக்கத்தை விரித்து ஒவ்வொரு புள்ளியையும் நினைவகத்தில் வைக்க வேண்டும். புள்ளிக்கு 4 பைட் என்று கொண்டால், 4000க்கு 3000 புள்ளியுள்ள 12 மெகாபிக்சல் படம் 48 மெகாபைட் கேட்கும். இப்போதைய செல்பேசிகளில் 50 மெகாபிக்சல் முறையில் எடுத்த படம் 200 மெகாபைட் கேட்கும். கோப்பின் எடைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வயலில் கதிரைப் படமெடுத்து அனுப்பும் உறுப்பினர்களிடம் சாதாரண 12 மெகாபிக்சல் முறையில் எடுக்கச் சொல்லுங்கள். சர்வர் நினைவகத்தை 512 ஆக்குவதைவிட அது நல்லது. எப்படியும் 2560 புள்ளிக்கு மேல் அகலமோ உயரமோ உள்ள படத்தை வேர்ட்பிரஸ் சிறிதாக்கித்தான் பயன்படுத்துகிறது.

மாற்றிய பின்

சொந்த சர்வர் என்றால் எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உபுண்டு 24.04இல் கட்டளை 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் பிஎச்பி8.3-எஃப்பிஎம்'. எஞ்சின்எக்ஸை மட்டும் ரீலோட் செய்துவிட்டுப் பிஎச்பி மாறவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் தனித்தனிச் சேவைகள்.

பிறகு சைட் ஹெல்த் பக்கத்தைத் திறந்து, படம்பிடித்து வைத்த பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். 60 மெகாபைட் கோப்பொன்றையும் 70 மெகாபைட் கோப்பொன்றையும் ஏற்றிப் பாருங்கள். முதலாவது ஏற வேண்டும், இரண்டாவது தெளிவான செய்தியோடு மறுக்கப்பட வேண்டும். மறுக்கும் விதத்தையும் சோதித்தால்தான், நாளை இன்னோர் உறுப்பினர் பெரிய கோப்போடு வரும்போது அவருக்கு என்ன தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். சர்வரில் மீதியுள்ள இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். வரும் கோப்பு முதலில் தற்காலிகக் கோப்புறையில் இறங்கி, பிறகுதான் தன் இடத்துக்குப் போகிறது. ஆகவே இரண்டு இடத்திலும் வட்டில் இடம் வேண்டும்.

தளத்தில் பொதுமக்கள் கோப்பு அனுப்பும் படிவம் இருந்தால், அந்தப் படிவத்தின் சொந்த அமைப்பில் 5 அல்லது 10 மெகாபைட் என்று குறைத்து வையுங்கள். 64 மெகாபைட் என்பது உள்ளே கடவுச்சொல்லோடு நுழைந்து கச்சேரிப் பதிவை ஏற்றும் உங்களுக்கானது, முகம் தெரியாத எல்லோருக்குமானது அல்ல.

என்ன மாற்றினீர்கள், எந்தக் கோப்பில், எந்தத் தேதியில் என்று குழுவின் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பிஎச்பியை 8.1இலிருந்து 8.3க்கு மாற்றும்போது புதிய பதிப்புக்குப் புதிய கோப்புறை உருவாகும். அதில் உங்கள் எண்கள் இருக்காது, மறுபடி 2 மெகாபைட்டில் போய் நிற்கும். சிபேனலிலும் பதிப்பை மாற்றியதும் ஐஎன்ஐ எடிட்டரை ஒருமுறை திறந்து பாருங்கள்.